பலகை ஒருவருக்கு, கட்டடம் இன்னொருவருக்கு: ஹாலிடே இன் கைமாறிய கதை

ஹாலிடே இன் ஹோட்டலுக்கு முதலாளி யார்? சின்னக் கேள்விதான், ஆனால் ஒரு பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. வாசலில் இருக்கும் பச்சைப் பலகையும் அதிலுள்ள பெயரும் இங்கிலாந்தின் இன்டர்கான்டினென்டல் ஹோட்டல்ஸ் குரூப் என்ற நிறுவனத்துக்குச் சொந்தம். சுருக்கமாக ஐஎச்ஜி என்பார்கள். பலகைக்குப் பின்னால் நிற்கும் கட்டடமும் நிலமும் அநேகமாக வேறு யாருக்கோ சொந்தம். உள்ளே ஆள் வைத்து, அறையைச் சுத்தம் செய்து, மாதச் சம்பளம் போடுகிறவர் மூன்றாவது ஆளாகக்கூட இருக்கலாம்.

நம் ஊர் பெட்ரோல் பங்கை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். மேலே எண்ணெய் கம்பெனியின் பெயர் இருக்கும், கல்லாவில் டீலர் இருப்பார். ஹோட்டல் தொழிலும் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் தொடக்கத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. 1952-ல் ஹாலிடே இன்னின் பெயர், கட்டடம், நிர்வாகம் மூன்றும் ஒரே மனிதர் கையில் இருந்தன. எழுபது ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாகப் பிரிந்து தனித்தனிக் கைகளுக்குப் போயின. அந்தப் பிரிவினை நடந்த விதம் தெரிந்தால், இன்றைய ஹோட்டல் சங்கிலிகளில் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் மூன்று முறைகள்

ஒரு சங்கிலியின் பெயரில் ஒரு ஹோட்டல் நடக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, சொந்த ஹோட்டல். சங்கிலி நிறுவனமே நிலம் வாங்கி, கட்டி, நடத்தும். லாபம் முழுக்க அதற்கே, நஷ்டமும் அதற்கே.

இரண்டாவது, நிர்வாக ஒப்பந்தம். கட்டடம் ஒரு முதலாளியுடையது. சங்கிலி நிறுவனம் தன் மேலாளரை அனுப்பி ஹோட்டலை நடத்திக் கொடுத்து, அதற்குக் கட்டணம் வாங்கும். ஊழியர் சம்பளம், மின்கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் முதலாளி கணக்கில்தான் போகும்.

மூன்றாவது, ஃபிரான்சைஸ். சங்கிலி நிறுவனம் பெயரையும் விதிமுறைப் புத்தகத்தையும் முன்பதிவு வசதியையும் மட்டும் தரும். மற்றதெல்லாம் முதலாளியின் பாடு. அவர் தானே நடத்தலாம், அல்லது ஹோட்டல் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட வேறொரு கம்பெனியை அமர்த்திக்கொள்ளலாம்.

ஐஎச்ஜியின் எல்லாப் பெயர்களையும் சேர்த்தால் இன்று உலகில் 6,000-க்கும் மேற்பட்ட ஹோட்டல்கள் உள்ளன. அவற்றில் அந்த நிறுவனம் சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருப்பவை இருபதுகூட இல்லை. பெரும்பாலானவை ஃபிரான்சைஸ், மீதி ஏறக்குறைய எல்லாமே நிர்வாக ஒப்பந்தம்.

குழந்தைக்கு இரண்டு டாலர்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்பிஸ் நகரில் வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்தவர் கெம்மன்ஸ் வில்சன். 1951 கோடையில் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டனுக்குச் சுற்றுலா போனார். வழியில் தங்கிய விடுதிகளில் ஓர் அறைக்கு 6 டாலர் சொல்லிவிட்டு, பிள்ளை ஒன்றுக்கு 2 டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். பிள்ளைகள் பெற்றோரோடு அதே அறையில்தான் படுத்தார்கள், ஆனாலும் 6 டாலர் அறை 16 டாலர் ஆனது. காசு கொடுத்தும் அறை சுத்தமாக இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கோபத்தை வில்சன் கணக்காக மாற்றினார். தங்கிய அறைகளை அளந்து பார்த்தார். 12 அடி அகலம், 30 அடி நீளம், கூடவே ஒரு குளியலறை இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும் என்று முடிவு கட்டினார். இதுபோல 400 விடுதிகள் கட்டுவேன் என்று மனைவியிடம் சொன்னதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1952 ஆகஸ்டில் மெம்பிஸின் சம்மர் அவென்யூவில் முதல் விடுதி திறந்தது. 120 அறைகள், எல்லாவற்றிலும் ஏசி. நீச்சல் குளம், உணவகம், இலவச கார் நிறுத்தம் எல்லாம் இருந்தன. பெற்றோரோடு தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வரைபடம் போட்டவர் எடி புளூஸ்டீன். பிங் கிராஸ்பி நடித்து 1942-ல் வந்த ‘ஹாலிடே இன்’ திரைப்படத்தின் பெயரை அவர் விளையாட்டாக வரைபடத்தின் தலையில் எழுதி வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. மெம்பிஸுக்குள் வரும் மற்ற முக்கியச் சாலைகளிலும் வில்சன் அடுத்தடுத்து மூன்று விடுதிகளைக் கட்டினார். நகருக்குள் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அவருடைய பலகை கண்ணில் படாமல் போகாது.

அந்த நான்கு விடுதிகளுக்கும் மனை, கடன், கட்டடம், பெயர், கல்லா எல்லாம் அவர் பொறுப்பே. 400 என்ற கனவுக்கு அந்த வழியில் பணம் போதாது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது.

ஐந்து சென்ட் ஒப்பந்தம்

வில்சன் கூட்டுச் சேர்ந்தது மெம்பிஸின் இன்னொரு பெரிய வீட்டு ஒப்பந்ததாரரான வாலஸ் ஜான்சனோடு. வீடு கட்டுவோர் சங்கத்தில் ஜான்சனுக்கு நாடு முழுக்கப் பழக்கம் இருந்தது. 1953-ல் பல ஊர்களிலிருந்து ஒப்பந்ததாரர்களை மெம்பிஸுக்கு வரவழைத்து இருவரும் ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். உங்கள் ஊரில் எங்கள் பெயரில், எங்கள் வரைபடப்படி விடுதி கட்டுங்கள். உரிமைக்கு 500 டாலர். அதற்குப் பிறகு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 5 சென்ட்.

வந்தவர்கள் தலையாட்டினார்களே தவிர, உண்மையில் கட்டியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வீடு கட்டி விற்றுவிட்டு அடுத்த மனைக்குப் போகிறவர்களுக்கு விடுதி வைத்து நடத்தும் பொறுமை இல்லை. வில்சனும் ஜான்சனும் ஆளை மாற்றினார்கள். ஊரில் கொஞ்சம் காசு சேர்த்து, அதை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்த டாக்டர்கள், வக்கீல்கள், வியாபாரிகளைத் தேடிப் போனார்கள். அந்த வழி பலித்தது. மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேலில் 1954-ல் ஃபிரான்சைஸ் விடுதி வந்தது. 1955-லேயே ஃபிரான்சைஸ் எடுத்தவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கம் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது.

ஊர்க்காரர் முதலீடு செய்ததில் இன்னொரு வசதியும் இருந்தது. உள்ளூர் வங்கிக்கு அவரைத் தெரியும், நகராட்சியில் அனுமதி வாங்கவும் தெரியும். மெம்பிஸில் உட்கார்ந்திருப்பவர் நூறு ஊர்களில் கடன் கேட்டு அலைய வேண்டியதில்லை.

1957-ல் நிறுவனம் பங்குகளை மக்களுக்கு விற்றது. வில்சனின் சொந்த வியாபாரமாக இருந்தது பங்குதாரர்களின் கம்பெனி ஆனது. அந்தப் பணத்தில் நிறுவனம் சொந்த விடுதிகளையும் கட்டியது, ஃபிரான்சைஸ் விடுதிகளும் பெருகின. 1959-ல் நூறாவது விடுதி, 1964-ல் ஐந்நூறாவது, 1968-ல் டெக்சாஸின் சான் அந்தோனியோவில் ஆயிரமாவது விடுதி.

பலகைக்கு ஏன் காசு?

அறை கட்டியது ஊர்க்காரர், கடன் வாங்கியதும் அவர். அப்படியிருக்க அவர் ஏன் மெம்பிஸுக்குக் கப்பம் கட்ட வேண்டும்?

அன்றைய சாலையில் பதில் இருந்தது. 1956-ல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம், 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கு வழி செய்தது. காரில் போகும் குடும்பங்கள் தெரியாத ஊர்களில் இருட்டில் இறங்க வேண்டியிருந்தது. சுமார் 50 அடி உயரத்தில், உச்சியில் நட்சத்திரம் மின்ன, பச்சையும் மஞ்சளுமாக எரிந்த ஹாலிடே இன் பலகை ஒரு மைல் தூரத்திலேயே தெரியும். உள்ளே என்ன இருக்கும் என்பதும் வருகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். இன்ன அளவு அறை, இன்ன வசதி, பிள்ளைகளுக்கு இலவசம். அந்த நிச்சயத்தைக் காப்பாற்ற மெம்பிஸிலிருந்து ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார்கள். விதி தவறினால் பலகை போய்விடும்.

அடுத்த காரணம் 1965-ல் வந்தது. ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து ஹாலிடெக்ஸ் என்ற கணினி முன்பதிவு முறையை உருவாக்கினார்கள். விடுதியின் வரவேற்பு மேசையில் தட்டச்சு இயந்திரம் போன்ற ஒரு கருவி இருக்கும். மறுநாள் நானூறு மைல் தள்ளித் தங்கப்போகிற விருந்தினர் இன்றைக்கே இங்கே சொன்னால், மேசையில் இருப்பவர் தட்டி அனுப்புவார். மெம்பிஸில் உள்ள கணினி பார்த்து, அந்த ஊரில் அறை உண்டா இல்லையா என்று பதில் அடித்துக் கொடுக்கும். அதற்கு முன்னால் தொலைதூரத் தொலைபேசியில் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். தனியாக ஒரு விடுதி வைத்திருப்பவர் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இப்படி ஒரு வலையைத் தானே பின்ன முடியாது. ஒவ்வொரு விடுதியும் அடுத்த விடுதிக்கு ஆள் அனுப்பியது. ஃபிரான்சைஸ் எடுத்தவர் வாங்கியது பெயரை மட்டுமல்ல, ஆள் வரும் வழியையும்தான்.

1972-ல் ‘டைம்’ இதழ் வில்சனை அட்டையில் போட்டு, மூன்று லட்சம் படுக்கைகளின் சொந்தக்காரராக அவரை அறிமுகம் செய்தது. படுக்கைகளில் பெரும்பகுதி உண்மையில் மற்றவர்களுடையது.

பேருந்து, கப்பல், சூதாட்டம்

கையில் பணம் சேர்ந்ததும் நிறுவனம் பல பக்கம் கால் வைத்தது. 1960களின் கடைசியில் ஒரு பெரிய பேருந்து நிறுவனமும் ஒரு கப்பல் கம்பெனியும் அதன் கைக்கு வந்தன. விடுதிகளுக்கு வேண்டிய மேசை, நாற்காலி, சாப்பாட்டுப் பொருள்களைச் செய்து விற்கும் துணை நிறுவனங்களும் இருந்தன. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோலுக்கு வரிசை நின்றபோது, காரில் வரும் குடும்பங்களை நம்பிய தொழிலுக்கு அடி விழுந்தது. பேருந்தையும் கப்பலையும் பின்னால் விற்றுவிட்டார்கள்.

பிறகு வந்தது சூதாட்டம். காசினோ தொழிலில் இறங்க நிறுவனம் 1978-ல் முடிவெடுத்தபோது, அதன் தலைவராக இருந்த எல்.எம். கிளைமர் தன் மத நம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்று பதவி விலகினார். மாரடைப்புக்குப் பிறகு 1979-ல் வில்சனும் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு சுமார் 30 கோடி டாலருக்கு ஹாராஸ் என்ற காசினோ நிறுவனத்தை ஹாலிடே இன் வாங்கியது.

1980களில் புதிய நிர்வாகம் பார்த்த பிரச்சினை வேறு. நெடுஞ்சாலை ஓரத்து விடுதிகளுக்கு முப்பது வயதாகிவிட்டது. கீழே மலிவு விடுதிகளும் மேலே சொகுசு ஹோட்டல்களும் அவற்றை நெருக்கின. புதிய வாடிக்கையாளருக்குப் புதிய பெயர் வேண்டும் என்று 1983-ல் மேல்தட்டுக்காக கிரவுன் பிளாசாவைத் தொடங்கினார்கள். 1984-ல் உணவகம் இல்லாத, விலை குறைந்த ஹாம்ப்டன் இன் வந்தது. அறைத் தொகுதிகள் கொண்ட எம்பசி ஸ்வீட்ஸ் வந்ததும் அதே காலத்தில்தான். ஒரே கம்பெனி பல பலகைகளை வைத்துக்கொள்வது இன்று எல்லா ஹோட்டல் குழுமங்களும் செய்கிற காரியம். ஹாலிடே இன் அதில் முன்னோடிகளில் ஒன்று.

அந்நேரம் அமெரிக்காவில் கம்பெனிகளை வளைத்துப் பிடிக்கும் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. ஹாலிடே நிறுவனத்தின் பங்குகளை வாங்கியவர்களில் டொனால்ட் டிரம்பும் ஒருவர். வெளியாள் கைப்பற்றாமல் இருக்க நிர்வாகம் பெருங்கடன் வாங்கி, பங்குதாரர்களுக்கு ஒரே தவணையில் பெரிய தொகையை ஈவாகக் கொடுத்தது. கம்பெனி தப்பியது. கடன் தலைமேல் ஏறியது. கடனை அடைக்க எதையாவது விற்றாக வேண்டும்.

பீர் கம்பெனி வந்தது

வாங்க வந்தவர் யாரும் எதிர்பாராதவர். இங்கிலாந்தின் பாஸ் என்ற பீர் கம்பெனி. 1777-ல் வில்லியம் பாஸ் தொடங்கியது. பிரிட்டனில் 1876-ல் வணிகச் சின்னப் பதிவு தொடங்கியபோது முதலாம் எண்ணில் பதிவானது இந்தக் கம்பெனியின் சிவப்பு முக்கோணம்தான். பெயருக்கும் சின்னத்துக்கும் என்ன மதிப்பு என்று அதற்குத் தெரியாமல் இருக்காது.

பீர் கம்பெனிக்கு ஹோட்டல் எதற்கு? பிரிட்டனின் பெரிய மதுபானக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான மதுக்கடைகளையும் தாங்களே வைத்துக்கொண்டு, அங்கே தங்கள் சரக்கை மட்டுமே விற்றுவந்தன. இந்தப் பிடியை அரசு தளர்த்தப் பார்த்தது. 1989-ல் வந்த ஆணைப்படி 2,000 கடைகளுக்கு மேல் வைத்திருப்பவர்கள் அதற்கு மேற்பட்டவற்றில் பாதியை விற்கவோ தங்கள் பிடியிலிருந்து விடுவிக்கவோ வேண்டும். அந்த ஆணை வருவதற்கு முன்பே பாஸ் வேறு தொழில் தேடத் தொடங்கியிருந்தது.

1988-ல் வட அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஹாலிடே இன் தொழிலை பாஸ் வாங்கியது. 1989 ஆகஸ்டில் வட அமெரிக்கத் தொழிலுக்கும் விலை பேசியது, 1990 பிப்ரவரியில் அதுவும் கைக்கு வந்தது. விலை சுமார் 200 கோடி டாலர். பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள் இருந்தாலும் அவற்றில் நிறுவனத்தின் சொந்தக் கட்டடங்கள் சிறு பங்குதான். பணத்தின் பெரும்பகுதி பெயருக்கும், ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களிலிருந்து ஆண்டுதோறும் வரும் வருமானத்துக்கும் போனது.

ஹாம்ப்டன் இன், எம்பசி ஸ்வீட்ஸ், ஹாராஸ் காசினோ மூன்றும் இந்த விற்பனையில் சேரவில்லை. பழைய பங்குதாரர்கள் அவற்றை பிராமஸ் என்ற புதிய கம்பெனியாக வைத்துக்கொண்டார்கள். 1995-ல் காசினோ தனியே பிரிந்தது. 1999-ல் பிராமஸை ஹில்டன் வாங்கியது. பெற்ற வீட்டில் பிறந்த பிள்ளையே எதிர்க்கடை வைத்த கதை இது. உணவகம் இல்லாத மலிவு ஹோட்டல் பெயர் கையில் இல்லாததால் பாஸ் 1991-ல் ஹாலிடே இன் எக்ஸ்பிரஸைத் தொடங்கியது. இன்று அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஹாம்ப்டனும் எக்ஸ்பிரஸும் பக்கத்துப் பக்கத்து மனையில் நின்று போட்டி போடுகின்றன. உலகெங்கும் எக்ஸ்பிரஸ் 3,000-ஐத் தாண்டிவிட்டது. தாய் ஹாலிடே இன்னைவிட அதிகம்.

செங்கல்லை விற்றார்கள், பெயரை வைத்துக்கொண்டார்கள்

1990களின் நடுவில் பாஸ் ஒரு முடிவுக்கு வந்தது. கட்டடத்தில் பணம் முடங்குகிறது, ஆனால் லாபம் ஒப்பந்தத்தில் வருகிறது. 1997-ல் அமெரிக்காவில் இருந்த 60 சொந்த ஹோட்டல்களை பிரிஸ்டல் என்ற கம்பெனிக்குக் கைமாற்றியது. பலகை மட்டும் அப்படியே இருந்தது.

1998-ல் இன்டர்கான்டினென்டல் ஹோட்டல்களை ஜப்பானின் சைசன் குழுமத்திடமிருந்து சுமார் 290 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தப் பெயருக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1946-ல் பான் ஆம் விமான நிறுவனம், தன் பயணிகள் இறங்கும் ஊர்களில் தங்க இடம் வேண்டும் என்று தொடங்கியது. 1981-ல் கிராண்ட் மெட்ரோபாலிடன் என்ற கம்பெனிக்கும், 1988-ல் சைசனுக்கும், பிறகு பாஸுக்கும் போனது.

2000-ல் பாஸ் தன் பீர்த் தொழிலை பெல்ஜியத்தின் இன்டர்ப்ரூவுக்கு 230 கோடி பவுண்டுக்கு விற்றது. பீரோடு ‘பாஸ்’ என்ற பெயரும் போய்விட்டது. முதலாம் எண் சின்னத்தின் சொந்தக்காரர் தனக்கே புதுப் பெயர் தேட வேண்டிய நிலை. 2001-ல் சிக்ஸ் கான்டினென்ட்ஸ் என்று வைத்துக்கொண்டது. 2003 ஏப்ரலில் அதுவும் இரண்டாகப் பிரிந்தது. மதுக்கடைகள் மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ் ஆயின, ஹோட்டல்கள் ஐஎச்ஜி ஆயின. அதே ஆண்டு பிப்ரவரியில் கெம்மன்ஸ் வில்சன் தன் 90-வது வயதில் மெம்பிஸில் காலமாகியிருந்தார்.

அதன் பிறகு ஐஎச்ஜி வேகமாகக் கட்டடங்களை விற்றது. 2005-ல் பிரிட்டனில் 73 ஹோட்டல்கள் சுமார் 100 கோடி பவுண்டுக்குப் போயின. 2015-ல் ஹாங்காங் இன்டர்கான்டினென்டல் 93.8 கோடி டாலருக்குப் போனது. ஹாங்காங் கட்டடத்தை விற்ற அதே நேரத்தில், அதைப் பல்லாண்டுகள் தானே நடத்திக் கொடுக்கும் ஒப்பந்தத்தையும் ஐஎச்ஜி எழுதி வாங்கிக்கொண்டது. பல விற்பனைகளில் இதே முறைதான். விற்றுக் கிடைத்த பணத்தில் பெரும்பகுதி பங்குதாரர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது.

இன்றைய கணக்கு

அமெரிக்காவில் இன்று ஹாலிடே இன் பலகை மாட்டும் முதலாளி அறை வருவாயில் சுமார் 5 விழுக்காடு ராயல்டி கட்டுகிறார். விளம்பரம், முன்பதிவு வசதிக்காக இன்னும் சுமார் 3 விழுக்காடு. சேரும்போது அறைக்கு இவ்வளவு என்று ஒரு நுழைவுத் தொகையும், மென்பொருள், பயிற்சி, விருந்தினர் புள்ளித் திட்டம் ஆகியவற்றுக்குத் தனிச் செலவுகளும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 அறைகள், ஆண்டு முழுக்கச் சராசரியாக 70 அறைகள் நிரம்புகின்றன, ஓர் இரவுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 25,550 அறை இரவுகள். வருவாய் 12 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அதில் 8 விழுக்காடு என்றால் 1 கோடியே 2 லட்சத்து 20 ஆயிரம். இந்தத் தொகை லாபத்திலிருந்து எடுக்கப்படுவதல்ல, வருவாயிலிருந்தே எடுக்கப்படுகிறது. முதலாளிக்கு அந்த ஆண்டு நஷ்டமே ஆனாலும் பெயருக்கு உரியதைக் கட்டியாக வேண்டும்.

1950களின் ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். அறைக்கு இரவுக்கு 5 சென்ட் என்றால், 100 அறைகளும் 365 நாளும் நிரம்பினால்கூட ஆண்டுக்கு 1,825 டாலர்தான். 6 டாலர் அறையில் அது ஒரு விழுக்காடுகூட இல்லை. பெயரின் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கட்டணம் தவிர இன்னொரு செலவும் முதலாளி தலையில் விழும். சங்கிலி நிறுவனம் தோற்றத்தை மாற்ற முடிவு செய்தால் எல்லோரும் மாற்ற வேண்டும். 2007-ல் ஐஎச்ஜி ஹாலிடே இன்னைப் புதுப்பிக்கும் திட்டத்தை அறிவித்தது. புதிய பலகை, புதிய படுக்கை விரிப்பு, புதிய ஷவர், புதிய வரவேற்பறை. 3,000-க்கும் மேற்பட்ட ஹோட்டல்களில் சேர்த்து 100 கோடி டாலர் செலவு என்று கணக்கிட்டார்கள். பெரும்பகுதியைச் செலவழித்தவர்கள் கட்டட முதலாளிகள். செய்ய முடியாதவர்களும் செய்ய விரும்பாதவர்களும் சங்கிலியை விட்டு வெளியேறினார்கள்.

பலகை மாறும்போது

ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு உண்டு. பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று போகும். முடிந்தால் கட்டடம் அங்கேயே நிற்கும், பெயர் இறங்கிவிடும்.

சென்னைக்காரர்களுக்கு இதற்கு நல்ல உதாரணம் உண்டு. டி.டி.கே. சாலையில் இருந்த அடையாறு கேட் ஹோட்டல். 1980களின் தொடக்கத்தில் அது திறந்தபோது பலகையில் இருந்த பெயர் ஹாலிடே இன். பிறகு ஐடிசியின் வெல்கம்குரூப்போடு சேர்ந்து பார்க் ஷெராட்டன் ஆனது. தென்னிந்தியச் சமையலுக்குப் பெயர் வாங்கிய தக்ஷின் உணவகம் அங்கே தொடங்கியது அந்தக் காலத்தில்தான். சென்ற பத்தாண்டின் நடுவில் அது கிரவுன் பிளாசா ஆனது. கிரவுன் பிளாசா ஹாலிடே இன் வீட்டிலிருந்து பிறந்த பெயர் என்பதால், பலகை ஒரு சுற்றுச் சுற்றி பழைய குடும்பத்துக்கே வந்தது போலாயிற்று. பல பெயர்களைப் பார்த்த அந்தக் கட்டடத்தை 2023 டிசம்பரில் மூடினார்கள். பெயருக்குச் சொந்தக்காரரான ஐஎச்ஜிக்கு அதனால் ஒரு பலகைதான் குறைந்தது. அந்த மனையில் அடுத்து என்ன வரலாம் என்பது மனை உரிமையாளரின் முடிவு.

இன்னொரு கட்டடம் போஸ்னியாவின் சரயேவோவில் இருக்கிறது. 1984 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய மஞ்சள் நிற ஹாலிடே இன். 1992-ல் தொடங்கிய முற்றுகையின்போது வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அங்கிருந்துதான் உலகத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். இப்போது அதன் பெயர் ஹோட்டல் ஹாலிடே. ‘இன்’ போய்விட்டது, கட்டடம் நிற்கிறது.

யாருக்கு ஆதாயம், யாருக்குப் பாரம்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்களில் முக்கியமானவர்கள் இந்திய வம்சாவளி ஹோட்டல் முதலாளிகள், குறிப்பாக குஜராத்திகள். 1970களில் எண்ணெய் நெருக்கடியில் விலை இறங்கிய நெடுஞ்சாலை விடுதிகளைக் குடும்பச் சேமிப்பில் வாங்கினார்கள். குடும்பமே அங்கே தங்கி, குடும்பமே வேலை செய்தது. காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் அவர்களைத் தட்டிக்கழித்த காலம் அது. 1989-ல் ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம் உருவானது. இன்று அமெரிக்க ஹோட்டல்களில் பாதிக்கும் மேல் தன் உறுப்பினர்களுடையவை என்று அந்தச் சங்கம் சொல்கிறது. ஹாலிடே இன், எக்ஸ்பிரஸ், ஹாம்ப்டன் எல்லாம் அதில் அடங்கும்.

நியாயமான ஃபிரான்சைஸ் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் 1998-ல் பன்னிரண்டு அம்சங்களை வெளியிட்டது. பாதியில் ஒப்பந்தத்தை முறித்தால் எவ்வளவு தண்டம்? என் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் இன்னொருவருக்கு உரிமை கொடுக்கலாமா? சங்கிலி நிறுவனம் காட்டும் கடையில்தான் சாமான் வாங்க வேண்டுமா, அந்தக் கடை அதற்குக் கமிஷன் தருகிறதா? ஃபிரான்சைஸ் எடுக்கும் எவரும் கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஹோட்டலுக்கு மட்டுமல்ல, பேக்கரிக்கும் பள்ளிக்கும் ஃபிட்னஸ் சென்டருக்கும் பொருந்தும்.

பெயர் வைத்திருப்பவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஓர் ஊரில் ஒருவர் ஹோட்டலை அழுக்காக வைத்திருந்தால், ஆயிரம் மைல் தள்ளி ஒழுங்காக நடத்துகிறவரின் வியாபாரமும் கெடும். எல்லோருக்கும் ஒரே விதி என்பது அதனால்தான். கொரோனா காலத்தில் இந்த ஏற்பாட்டின் இரு பக்கமும் தெளிவாகத் தெரிந்தன. ஹோட்டல்கள் காலியானபோது பெயர் வைத்திருந்தவர்களின் வருமானமும் விழுந்தது. ஆனால் வட்டி, சொத்து வரி, காவலாள் சம்பளம் எல்லாம் கட்டட முதலாளிகளின் வாசலில் நின்றன. நல்ல காலத்தில் அறை விலை ஏறினால் கூடுதல் லாபமும், மனை விலை ஏறினால் அந்தப் பெருக்கமும் கட்டட முதலாளிக்குத்தான். நிரந்தரமான சிறு பங்கு பெயருக்கு, ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி கட்டடத்துக்கு. இந்தத் தொழிலின் பேரம் இவ்வளவுதான்.

தங்கப் போகிறவருக்கு

ஒரு பெரிய பெயர் போட்ட ஹோட்டலில் அறை எடுக்கும்போது நாம் வாங்குவது ஒரு தரத்தின் வாக்குறுதி. படுக்கை, குளியலறை, முன்பதிவு, புள்ளித் திட்டம் இவற்றில் குறை இருந்தால் சங்கிலி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதலாம். ஃபிரான்சைஸ் முதலாளி அந்தப் புகாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலகையை இழந்தால் முன்பதிவு வழியையும் இழப்பார். கூடுதலாகப் பணம் பிடித்தது, முன்பணம் திரும்பாதது, பொருள் காணாமல் போனது போன்றவற்றில் நேரடிப் பொறுப்பு பெரும்பாலும் ஹோட்டலை வைத்திருக்கும் கம்பெனிக்கு. அது யார் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. இந்தியாவில் ஹோட்டல் தரும் ஜிஎஸ்டி ரசீதில், பளபளப்பான சின்னத்துக்குக் கீழே, பணம் வாங்கும் கம்பெனியின் சட்டப்படியான பெயரும் முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் முதல் எதிர்மனுதாரராக எழுத வேண்டியது அந்தப் பெயரை. அறையைக் காலி செய்யும்போது ரசீதை ஒருமுறை கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.